கிளம்புவதற்கு முந்தைய இரவு

கேள்வி: பதினோரு ஆண்டுகளாக வேறொரு நாட்டில் வேலை, குடும்பம் என்று இருக்கிறேன். பெற்றோரைப் பார்க்க இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வார விடுப்பில் போய்வருவேன். இந்த முறை நான்கு வயது மகளுடன் போயிருந்தேன். இரண்டரை வாரம் மகிழ்ச்சியாகப் போனது. கடைசி மூன்று நாள் மட்டும் எதற்கெடுத்தாலும் எரிச்சல். கிளம்புவதற்கு முந்தைய இரவு, அம்மா தன் கையால் தைத்த போர்வை ஒன்றை என் பெட்டியில் வைத்தார். எடை 23 கிலோவைத் தாண்டுகிறது என்று நான் எடுத்து வெளியே வைத்தேன். அவர் மறுபடி வைத்தார். "என்னை நிம்மதியாகக் கிளம்ப விடவே மாட்டீர்களா?" என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். பெட்டியை அப்பாதான் மூடினார். போர்வை உள்ளே போனதா என்றுகூட எனக்குத் தெரியாது. விடிகாலையில் வண்டி புறப்பட்டபோது அப்பா கையசைக்கக்கூட நிற்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். மகள் விழித்தால் அழுவாள் என்று, தூங்கும்போதே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

திரும்பி வந்து பதினாறு நாள் ஆகிறது. அலுவலகம் போகிறேன், வருகிறேன். என் பெட்டியை இன்னும் திறக்கவில்லை. காணொளியில் பாட்டி வந்தால் மகள் அடுத்த அறைக்கு ஓடிவிடுகிறாள். "போய்வந்தால் இப்படி ஆகிவிடுகிறாயே, எதற்காகப் போக வேண்டும்?" என்கிறார் கணவர். அப்பாவுக்கு 78 வயது. இதுதான் அவரைக் கடைசியாகப் பார்த்ததோ என்ற நினைப்பு இரவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. என் பாசமே பொய்யா? அடுத்த முறை சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டால் எல்லோருக்கும் நல்லதா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், அது உங்கள் மகளையும் சேர்த்த விஷயம். முதல் கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பதினாறு நாளாக உங்களைத் தின்றுகொண்டிருப்பது அதுதான்.

தொலைவில் வாழ்பவர்களிடமிருந்து எனக்கு வரும் கடிதங்களில் இந்தச் சண்டை திரும்பத் திரும்ப வருகிறது. பொருள்தான் மாறும். ஒருவருக்குப் போர்வை, இன்னொருவருக்கு மருந்துச் சீட்டு, வேறொருவருக்கு அலமாரிச் சாவி. நாள் மட்டும் மாறுவதில்லை. கிளம்புவதற்கு முந்தைய நாள், அல்லது அதற்கும் முந்தைய நாள். இரண்டரை வாரம் ஒரு குறையும் இல்லாமல் இருந்த வீட்டில், சரியாக அந்த நேரம் பார்த்துத் தீ பற்றிக்கொள்கிறது என்றால், தீக்குக் காரணம் போர்வையாக இருக்க முடியாது.

பிரிவு வாசலில் தொடங்குவதாக நாம் நினைக்கிறோம். உடம்பும் மனமும் அதை மூன்று நாள் முன்பே தொடங்கிவிடுகின்றன. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கும் நிமிடத்திலேயே வீட்டில் எல்லோருக்கும் அது தெரிந்துவிடுகிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். சொல்லாத துக்கத்துக்குப் போக ஒரு வழி வேண்டும். துக்கப்பட்டால் உடைந்துவிடுவோம் என்ற பயம் இருக்கும்போது, கோபம் வசதியான வழியாக இருக்கிறது. கோபத்தில் நிமிர்ந்து நிற்கலாம், பெட்டி கட்டலாம், கதவைச் சாத்தலாம். அழுதுகொண்டு பெட்டி கட்ட முடியாது. பாசப் பிணைப்பைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி, பிரிவுக்கு மனிதர்கள் காட்டும் எதிர்வினையில் பதற்றத்தையும் கோபத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பேசினார். கோபம் அங்கே பாசத்துக்கு எதிரானது அல்ல. "போகாதே" என்பதையும் "போக மனமில்லை" என்பதையும் அதே கோபம்தான் சொல்கிறது.

அந்த இரவை மறுபடி நினைத்துப் பாருங்கள். அம்மா போர்வையை வைக்கிறார். நீங்கள் எடுக்கிறீர்கள். அவர் மறுபடி வைக்கிறார். இருவருக்கும் இடையில் நடந்தது எடை பற்றிய பேச்சா? தன்னால் உங்களோடு வர முடியாது, தன் கைபட்ட ஒன்றாவது வரட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதை ஏற்றுக்கொண்டால் அந்த இடத்திலேயே அழுதுவிடுவோம் என்று உங்களுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கலாம். உங்கள் அம்மாவை நான் அறியேன். ஆனால் பாசம் இல்லாதவர்கள் ஒரு போர்வையை இரண்டாம் முறை எடுத்து வைப்பதில்லை. பாசம் இல்லாதவர்கள் பதினாறு நாள் கழித்து அதைப் பற்றிக் கடிதம் எழுதுவதும் இல்லை.

கண்ணீர் வராததையும் இதோடு சேர்த்தே பாருங்கள். 1998இல் கிறிஸ் ஃபிரேலி, ஃபிலிப் ஷேவர் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விமான நிலையத்தில் காத்திருந்த தம்பதியரையும் காதலரையும் அவர்கள் கவனித்திருந்தார்கள். சிலர் சேர்ந்து பயணம் போகிறவர்கள், சிலர் ஒருவரை ஒருவர் வழியனுப்ப வந்தவர்கள். எதிர்பார்த்தபடியே, பிரியப்போகிறவர்கள் அதிகமாகக் கைகளைப் பற்றிக்கொண்டார்கள், அணைத்துக்கொண்டார்கள். எல்லோரும் அப்படி இல்லை. நெருக்கம் என்றால் பின்வாங்கும் இயல்புள்ள பெண்கள், சேர்ந்து பயணம் போகும்போது துணையை நாடினார்கள். பிரியப்போகும்போது அவர்களே விலகி நின்றார்கள். அவர்களுக்கு வலி இல்லை என்று இதிலிருந்து சொல்ல முடியாது. வலி அருகில் வரும்போது கையை முன்கூட்டியே இழுத்துக்கொள்ளும் பழக்கம் சிலருக்கு உண்டு. அது தம்பதியரைப் பற்றிய ஆய்வு, உங்கள் குடும்பத்தை அப்படியே அதில் பொருத்திவிட மாட்டேன். இருந்தாலும் வண்டியில் வறண்ட கண்களோடு உட்கார்ந்திருந்த உங்களையும், கையசைக்க நிற்காமல் உள்ளே போன உங்கள் அப்பாவையும் நினைக்கும்போது, நீங்கள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது.

அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று. அவர் கையசைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், அம்மாவும் நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு, அந்தப் பெட்டியின் முன்னால் தனியாக உட்கார்ந்து அதை மூடியது யார்? சிலருக்கு விடைகொடுக்க வாய் வராது, கைதான் வரும். பூட்டைச் சரிபார்ப்பார்கள், எடையை மறுபடி போட்டுப் பார்ப்பார்கள், முகவரிச் சீட்டைக் கட்டுவார்கள். அந்த வேலை முடிந்ததும் அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். வண்டி நகரும்போது அங்கே நிற்க அவர்களிடம் ஒன்றும் மிச்சமில்லை.

தங்கிவிடுகிறவர்களின் நிலைமையை நாம் குறைவாகவே நினைத்துப் பார்க்கிறோம். கிளம்புகிறவருக்கு வழி நெடுக வேலை இருக்கிறது: வரிசை, சோதனை, குழந்தையின் பசி, அடுத்த விமானம். தங்குகிறவர் அதே வீட்டுக்குள் திரும்பிப் போக வேண்டும். அங்கே நீங்கள் படுத்த மெத்தை இன்னும் மடிக்கப்படாமல் கிடக்கும். குழந்தை சுவரில் கிறுக்கிய கோடு இருக்கும். அடுத்த முறை போகும்போது, நீங்கள் கிளம்பிய அன்று மாலை அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்பே கேளுங்கள். அன்று யாராவது உறவினரோ நண்பரோ வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போக ஏற்பாடு செய்யுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த முதல் மாலை மிகவும் நீளமானது.

இப்போது மகளிடம் வருகிறேன். சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் தொட்டது, தூங்கும்போது தூக்கிவந்த அந்த ஒரு வரி. நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், பெரும்பாலான குடும்பங்கள் இதையே செய்கின்றன. ஆனால் குழந்தையின் பக்கத்திலிருந்து பாருங்கள். இரவு பாட்டி பக்கத்தில் இருந்தாள். கண் விழித்தபோது வீடே இல்லை. இப்போது பாட்டி ஒரு சதுரக் கண்ணாடிக்குள்ளிருந்து கூப்பிடுகிறாள். அவள் ஓடுவதில் எனக்கு வியப்பில்லை.

அவள் பாட்டியை மறந்துவிடவில்லை, தயவுசெய்து உங்கள் அம்மாவிடமும் இதைச் சொல்லுங்கள். பெற்றோர் வருகை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்து லண்டன் மருத்துவமனைகளில், தனியே விடப்பட்ட சிறு குழந்தைகளை ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் பல ஆண்டுகள் கவனித்தார். பௌல்பியுடன் சேர்ந்து வேலை செய்தவர் அவர். நாள் கணக்கில் தாயைப் பார்க்காத குழந்தைகளில் சிலர், தாய் வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. அறியாதவரைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அது மறதி அல்ல, அடிபட்ட பாசத்தின் முகம். உங்கள் மகளுக்கு நேர்ந்தது அத்தனை பெரிய பிரிவு அல்ல, அவள் உங்களோடுதான் இருக்கிறாள். ஆனால் முகம் திருப்புவதன் பொருள் கொஞ்சம் அதே ரகம்தான்.

சொல்லிக்கொண்டு பிரிந்தால் குழந்தை அழும், உண்மை. 1977இல் மார்ஷா வைன்ராப், மைக்கேல் லூயிஸ் என்ற ஆய்வாளர்கள் இரண்டு வயதுக் குழந்தைகளை வைத்து இதைப் பார்த்தார்கள். தாய் அறையை விட்டுச் சிறிது நேரம் வெளியே போகும்போது எப்படிப் போகிறாள் என்பதைக் கவனித்தார்கள். போகிறேன் என்று சொல்லி, தான் இல்லாதபோது என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிட்டுப் போன தாய்மாரின் குழந்தைகள், சொல்லாமல் நழுவிய தாய்மாரின் குழந்தைகளைவிட நன்றாகச் சமாளித்தார்கள். ஏனென்று யோசித்தால் புரியும். சொல்லாமல் போனால், குழந்தை அதிலிருந்து கற்றுக்கொள்வது ஒன்றுதான்: யார் வேண்டுமானாலும் எந்த நேரமும் காணாமல் போகலாம். பிறகு அது தூங்கவே பயப்படும். அழுகை கால் மணி நேரத்தில் அடங்கிவிடும். அந்தப் பயம் அவ்வளவு சீக்கிரம் அடங்காது.

நான்கு வயதில் இதைச் சரிசெய்ய நிறையக் காலம் இருக்கிறது. இன்று மாலையே அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "நீ தூங்கிக்கொண்டிருந்தபோது உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். பாட்டியிடமும் தாத்தாவிடமும் சொல்லிக்கொள்ள உன்னை விடவில்லை. அது அம்மா செய்த தவறு. பாட்டி அங்கேயே, அதே வீட்டில்தான் இருக்கிறாள்." இவ்வளவு போதும். "நாளைக்குப் போகலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நாளை வராதபோது நீங்கள் சொல்லும் மற்றதெல்லாம் செல்லாக்காசாகிவிடும். காணொளி அழைப்பில் அவளைப் பிடித்து உட்கார வைத்து "பாட்டிக்கு முத்தம் கொடு" என்று கேட்காதீர்கள். அலைபேசியை அவள் விளையாடும் இடத்தில் ஓரமாகச் சாய்த்து வையுங்கள். பாட்டி தன் தையலைத் தைத்துக்கொண்டிருக்கட்டும், இவள் தன் படத்தை வரைந்துகொண்டிருக்கட்டும். பேச்சே இல்லாமல் பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. ஒரே வீட்டில் இருந்தபோதும் அவர்கள் அப்படித்தானே இருந்தார்கள்? சில நாளில் அவளே படத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டுவாள். அம்மாவிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், "என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளே" என்று அவர் வாடிப்போகாமல் இருக்க.

கணவர் கேட்டதற்கு என் பதில் சுருக்கமானது. அவர் உங்களைத் திட்டவில்லை, நீங்கள் வாடுவதைப் பார்த்து என்ன செய்வதென்று தெரியாமல் கேட்கிறார். போவதை நிறுத்தினால் இந்த வலி நின்றுவிடாது, வேறு பெயரில் வரும். அவரிடம் யோசனை கேட்காமல் ஒரு வேலையைக் கேளுங்கள். திரும்பிவந்த முதல் வாரத்தில் குழந்தையைத் தூங்கவைக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொள்ளட்டும். அவருக்கும் கைகொடுத்த நிறைவு இருக்கும்.

இனி, இரவில் வந்து உட்கார்ந்துகொள்ளும் அந்த நினைப்பு.

"அப்படியெல்லாம் நினைக்காதே" என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லமாட்டேன். 78 வயது அப்பாவை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கிற மகளுக்கு அந்த நினைப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் இதுபோன்ற துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தார். 1970களில், போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களோடு பேசியபோது அவருக்குக் கிடைத்த கருத்து அது. தமிழில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் போகவும் இல்லை. பிற்காலத்தில் தொலைதூரம் பெயர்ந்து வாழும் குடும்பங்களின் துயரையும் அவர் இதோடு சேர்த்துப் பேசினார். உங்கள் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், தினமும் குரல் கேட்கிறீர்கள், அதனால் துக்கப்பட உங்களுக்கு உரிமை இல்லைபோல ஒரு கூச்சம் வருகிறது. மரணத்துக்கு விடுப்பு உண்டு, ஆறுதல் சொல்ல ஆட்கள் உண்டு. ஊரிலிருந்து திரும்பிய திங்கட்கிழமை அலுவலகத்தில் "விடுமுறை எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள், "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுக் கணினியைத் திறக்கிறோம். இந்த வலி நீண்டுகொண்டே போவதற்கு அதுவும் ஒரு காரணம். பெயர் சொல்லி அழைக்காத விருந்தாளி கிளம்பமாட்டார்.

இதற்கு பாஸ் சொல்லும் வழி எனக்குப் பிடித்தமானது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயலாமல், இரண்டையும் ஒன்றாகக் கையில் வைத்திருக்கப் பழகச் சொல்கிறார். இது கடைசிச் சந்திப்பாக இருக்கலாம். இன்னும் பல சந்திப்புகளும் இருக்கலாம். இரண்டுமே உண்மை. இரவில் முதலாவது மட்டும் வந்து உட்காரும்போது, இரண்டாவதையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். முதலாவதை விரட்டப் பார்க்காதீர்கள், அது விரட்டினால் போவதில்லை.

நினைப்புக்குக் கொஞ்சம் வேலையும் கொடுங்கள். அவசரம் என்றால் எத்தனை மணி நேரத்தில் உங்களால் போய்ச் சேர முடியும் என்று உங்களுக்குத் தெரியுமா? பெரும்பாலோருக்குத் தெரியாது. உங்கள் கடவுச்சீட்டும் மகளுடையதும் எதுவரை செல்லும் என்று பாருங்கள். பல நாடுகளில் குழந்தைகளின் கடவுச்சீட்டு ஐந்தே ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது, பயணத்தின்போது ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. நான்கு வயதுக் குழந்தைக்கு அது இப்போதே பார்க்க வேண்டிய விஷயம். அவசரப் பயணத்துக்கென்று ஒரு தொகையைத் தனியே வைத்துவிடுங்கள். அப்பாவின் மருத்துவர் யார், எந்த மருந்துகள் எடுக்கிறார், இரவில் ஏதாவது என்றால் பக்கத்தில் யாரைக் கூப்பிடுவார்கள் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு வீட்டிலும் வையுங்கள். அச்சம் என்பது பாதி, என்ன செய்வதென்று தெரியாததுதான். அந்தப் பாதியையாவது இறக்கி வைக்கலாம். மறுபாதி இருக்கும். அது அவர்மேல் உள்ள அன்பு, அதை என்னால் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது.

அடுத்த பயணத்தைப் பற்றி இப்போதே பேசுவோம். முக்கியமான பேச்சுகளைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வந்து ஒரு வாரம் ஆன பிறகு, வீடு ஒரு ஓட்டத்தில் இருக்கும்போது, அப்பாவோடு தனியாக ஒரு நடை போங்கள். கேட்க வேண்டியதை அங்கே கேளுங்கள், சொல்ல வேண்டியதை அங்கே சொல்லுங்கள். கடைசி நாளில் எல்லாச் சொற்களும் கனத்துப்போகும். பெட்டி கட்டும் வேலையைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிடுங்கள். அதில் இரண்டு கிலோவைக் காலியாக விட்டுவிட்டு, "அம்மா, இது உங்கள் இடம், எதை வேண்டுமானாலும் வையுங்கள், நான் என்னவென்று கேட்கமாட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் எதுவும் செய்யாதீர்கள். யாரையும் பார்க்கப் போகாதீர்கள், எதுவும் வாங்கப் போகாதீர்கள். மூன்று நாள் முன்பே யாராவது ஒருவர் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது நீங்களாகவே இருக்கட்டும்: "நான் கிளம்பும் நாள் நெருங்குகிறது, எனக்கு இப்போதே கஷ்டமாக இருக்கிறது. நான் எரிந்து விழுந்தால் அது அதனால்தான்." இப்படிச் சொல்லிவிட்டு எரிந்து விழுவது மிகவும் கடினம், முயன்று பாருங்கள்.

விடைபெறுவதை வீட்டுக்குள்ளேயே, உட்கார்ந்து செய்யுங்கள். விமான நிலையத்தின் இரைச்சலும் அவசரமும் அதற்கு ஏற்ற இடமல்ல, வயதானவர்களுக்கு அலைச்சலும் கூட. குழந்தை விழித்திருக்கட்டும், அழட்டும், பாட்டியும் அழட்டும். அடுத்து எப்போது பார்ப்போம் என்பதை, டிக்கெட் எடுக்காவிட்டாலும், மாதத்தின் பெயராகவாவது சொல்லிவிடுங்கள். அதைவிட முக்கியம், அடுத்து எப்போது பேசுவோம் என்பது. "போய்ச் சேர்ந்ததும் இரண்டு நிமிடம் பேசுகிறேன், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பேசுவோம்." அவ்வளவு நெருக்கமான ஒரு தேதி கையில் இருந்தால், வண்டி திரும்பும் முனை அத்தனை கூர்மையாக இருக்காது.

திரும்பிவருவதும் ஒரு வேலைதான், அதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இறங்கிய மறுநாளே அலுவலகம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். உடம்பின் கடிகாரம் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற வேகத்தில்தான் புதிய நேரத்துக்கு நகர்கிறது. ஏழு மணி நேர வித்தியாசம் என்றால் ஒரு வாரம். கிழக்கு நோக்கிப் பறந்தவர்களுக்குப் பொதுவாக இன்னும் சிரமம். அந்த வாரத்தில் நள்ளிரவு மூன்று மணிக்கு விழிப்பு வரும், விழித்த மனம் கையில் கிடைத்த மிக இருண்ட நினைப்பை எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்து மூன்று மணி நினைப்புகளுக்குப் பாதி மதிப்பெண் மட்டும் கொடுங்கள். உங்களுக்கு இப்போது பதினாறு நாள் ஆகிவிட்டது. ஆகவே இன்று இருப்பதைக் கடிகாரத்தின் மேல் போட முடியாது.

1688இல், சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் மருத்துவம் பயின்ற யோகன்னஸ் ஹோஃபர் என்ற இளைஞர், வீட்டு ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்து ஆய்வேடு எழுதினார். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு நாஸ்டால்ஜியா என்று பெயரும் வைத்தார். அவர் நம்பிய மருந்து எளிமையானது: நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். உங்களுக்கு அந்த மருந்து வேலை செய்யாது, ஏனென்றால் உங்களுக்கு வீடு இரண்டு. அங்கே இருக்கும்போது கணவரும் இந்தச் சமையலறையும் நினைவுக்கு வந்திருக்கும், இங்கே வந்ததும் அந்த முற்றம். இதைக் குறையாக நினைத்துத்தான் பலர் தங்களையே கடிந்துகொள்கிறார்கள். இரண்டு இடத்திலும் வேர் விட்ட ஒருவரை எந்தப் பக்கம் இழுத்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஏக்கம் அலைபோல வரும், போகும். இடையில் சிரிக்க முடியும், பசிக்கும், மகளின் விளையாட்டில் மனம் போகும். அப்படியில்லாமல், இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டே இருந்தால், எதிலும் நாட்டம் இல்லாவிட்டால், தூக்கமும் பசியும் கெட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. நீங்கள் அந்த இரண்டு வார எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்பதால் சொல்கிறேன்: இந்த அடையாளங்களை உங்களிடம் நேர்மையாகத் தேடிப் பாருங்கள், இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன எண்ணம் இருந்தால் இன்றே பாருங்கள், கணவரிடமும் சொல்லுங்கள்.

அம்மாவிடம் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. நீண்ட மன்னிப்பு வேண்டாம், அது அவரை உங்களுக்கு ஆறுதல் சொல்ல வைத்துவிடும். "அம்மா, அன்று நான் போர்வைக்காகக் கத்தவில்லை. கிளம்ப மனமில்லாமல் கத்தினேன்" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் "அதெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை, சாப்பிட்டாயா?" என்று பேச்சை மாற்றக்கூடும். மாற்றட்டும். அவருக்கு ஞாபகம் இருக்கிறது, நீங்கள் சொன்னது போய்ச் சேர்ந்தும்விட்டது.

ஆனால் அழைப்பதற்கு முன்பு பெட்டியைத் திறங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவளுக்கும் அதில் பார்க்க ஏதாவது இருக்கும். போர்வை உள்ளே இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. இருந்தால், இன்றிரவு அதை மகளுக்குப் போர்த்திவிட்டு, அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்புங்கள், அவர்தானே பெட்டியை மூடியவர். இல்லாவிட்டால் அது அங்கே அம்மாவின் அலமாரியில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். அழைக்கும்போது அதைக் கேளுங்கள். அடுத்த முறை எடுத்துக்கொள்கிறேன், பத்திரமாக வையுங்கள் என்று சொல்லுங்கள்.